விதை விற்கலாம், விதைக்கக் கூடாது

செம்பாக்கத்தில் வேளச்சேரி சாலையை ஒட்டிய இயற்கை அங்காடி ஒன்றில், கருப்பு கவுனிக்கும் ஆளி விதைக்கும் நடுவே ‘ஹெம்ப்’ விதைப் பொட்டலம் இருந்தது. ஹெம்ப் என்பதும் கஞ்சாச் செடிதான், போதை மிகக் குறைந்த ரகம். இதை விற்க விட்டது யார், விளைவித்தது யார் என்று தேடப் புறப்பட்டேன்.

முதல் விடை சுலபம். 2021 நவம்பரில், உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த விதையை உணவாக ஏற்றது. போதை தரும் டிஹெச்சி, கிலோ விதையில் 5 மில்லிகிராமையும் எண்ணெயில் 10 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. உறையில் இலைப் படமும் ஆகாது.

இரண்டாவது கேள்விதான் அலையவிட்டது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி பூத்த, காய்த்த நுனிதான் கஞ்சா. அதைவிட்டுத் தனியே நிற்கும் விதை கஞ்சா அல்ல. ஆனால் செடியை வளர்த்தால் 20ஆம் பிரிவு பாயும்: 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இடையில் 14ஆம் பிரிவு ஒரு திட்டிவாசல். நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு அனுமதிக்கலாம். அதில் நுழைந்து 2018இல் உரிமம் கொடுத்தது உத்தரகண்ட்.

நம் ஊர் விவசாயி எங்கே? அவரைத் தேடிப் பழைய தாள்களுக்குள் போனேன். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த ஒரு கேள்வியால் 1893இல் பிறந்தது இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன். மக்வொர்த் யங் தலைமையில் 1,193 சாட்சிகளை விசாரித்து, தடை வேண்டாம் என்றது. உரிமம் பெற்றவரே பயிரிட வேண்டும், பயிரிடும் இடங்களைச் சுருக்க வேண்டும், வரி போட வேண்டும், கடைகளைக் குறைக்க வேண்டும் என்பது அதன் யோசனை. சென்னை மாகாணப் பக்கங்களில் கிருஷ்ணா மாவட்டமும் வடஆற்காட்டு ஜவ்வாது மலையும் தட்டுப்பட்டன. அங்கே விவசாயி இருக்கிறார், கண்காணிக்கப்பட வேண்டிய ஆளாக. அவருக்கு என்ன மிஞ்சியது என்பதில் ஆப்காரி (கலால்) இலாகாவுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

விதிவிலக்கு வங்கத்தில் கிடைத்தது. இன்று வங்கதேசத்தில் உள்ள நவகாவில் 1917இல் கஞ்சா விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமே தொடங்கினார்கள். அதன் லாபத்தில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடந்தன. இந்தத் தேடலில் நான் இரண்டு முறை படித்த பகுதி அதுதான்.

இன்றைய உரிமத்துக்குத் திரும்பினால், உத்தரகண்டில் டிஹெச்சி வரம்பு 0.3 விழுக்காடு. பயிர் அதைத் தாண்டினால் அழிக்க வேண்டியதுதான். வெயிலும் மண்ணும் மாறினால் டிஹெச்சி அளவும் மாறக்கூடும்; சித்திரை வெயில் விவசாயியைக் கேட்டுக்கொண்டா அடிக்கிறது? அழித்த பயிருக்கு யார் பணம் கொடுப்பார்கள்? செங்கல்பட்டுப் பக்கம் என்றைக்காவது இப்படி ஓர் உரிமம் வந்தால், முதலில் அதில் இழப்பீடு பற்றிய வாசகத்தைத்தான் தேடுவேன்.