பகலொளி சேமிப்பு நேரமும் காலை நேரச் சாலை விபத்துகளும்

பகலொளி சேமிப்பு நேரம் என்பது, மாலையில் கூடுதல் வெளிச்சம் கிடைப்பதற்காகக் கடிகாரத்தை முன்னே நகர்த்தி வைக்கும் முறை ஆகும். மின்சாரச் சிக்கனமே இதன் முதன்மை நோக்கம். மாலையில் கூடும் வெளிச்சம் காலையில் குறைகிறது. எனவே அதிகாலையில் வெளியே செல்வோருக்கு, குறிப்பாகப் பள்ளி மாணவர்களுக்கு, விபத்து அபாயம் கூடுமா என்ற கேள்வி எழுந்தது.

இந்தியாவில்

இந்தியாவின் சீர் நேரம் 1906 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இது கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. இரண்டாம் உலகப் போரின்போது இது மேலும் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. 1942 செப்டம்பரில் தொடங்கிய இந்தப் போர்க்கால நேரம், 1945 அக்டோபரில் கைவிடப்பட்டது.

இலங்கையின் பட்டறிவு

தமிழர் வாழும் நாடுகளில் இம்முறையின் விளைவை நேரடியாகக் கண்டவற்றுள் ஒன்று இலங்கை. 1996-இல் மழை பொய்த்தது. நீர்மின் நிலையங்களையே பெரிதும் நம்பியிருந்த அந்நாட்டில் கடும் மின்வெட்டு ஏற்பட்டது. அதைச் சமாளிக்க மே 25 அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. இதனால் கொழும்பில் 6 மணிக்குச் சற்று முன் உதித்த சூரியன், புதிய கணக்கில் 7 மணியை ஒட்டி உதித்தது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் புறப்பட வேண்டியுள்ளது என்று எதிர்ப்பு எழுந்தது. அக்டோபர் 26-இல் அரை மணி நேரம் பின்வாங்கப்பட்டது. எஞ்சிய அரை மணி நேரம் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நீடித்தது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. 2002-இல் ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின், ஓமந்தையைக் கடந்து வன்னிக்குள் சென்றவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னே திருப்பவேண்டியிருந்தது. 2006 ஏப்ரல் 15-இல் இலங்கை முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பியது.

விபத்து பற்றிய ஆய்வுகள்

நேர மாற்றம் விபத்தை இரு வழிகளில் பாதிக்கிறது.

முதலாவது, தூக்கக் குறைவு. கடிகாரம் முன்னே செல்லும் இரவில் ஒரு மணி நேரத் தூக்கம் குறைகிறது. அமெரிக்காவில் 1996 முதல் 2017 வரையிலான உயிரிழப்பு விபத்துகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, மாற்றத்தை அடுத்த வேலைநாட்களில் இத்தகைய விபத்துகள் சுமார் 6 விழுக்காடு கூடியதாகக் கண்டது. இவ்விளைவு சில நாட்களில் மறைந்துவிடும்.

இரண்டாவது, இருட்டு இடம் மாறுவது. இது நேர மாற்றம் உள்ளவரை நீடிக்கும். பிரித்தானியா 1968 முதல் 1971 வரை குளிர்காலத்திலும் கடிகாரத்தை முன்னேயே வைத்துப் பார்த்தது. காலை விபத்துகள் கூடின; மாலை விபத்துகள் அதைவிட அதிகமாகக் குறைந்தன. 1967-இல் மது அருந்தி ஓட்டுவோருக்கு எதிராக வந்த சட்டமும் விபத்துகளைக் குறைத்ததால், எது எதன் பயன் என்று பிரிப்பது கடினமாயிற்று. ஆயினும் இருண்ட காலைகளின் மீதான எதிர்ப்பே வென்றது. 1970 திசம்பரில் நாடாளுமன்றம் 366-க்கு 81 என்ற வாக்குகளில் இம்முறையைக் கைவிட்டது. மொத்தக் கணக்கில் விபத்து குறைந்தாலும், காலையில் செல்வோருக்கு அபாயம் கூடலாம் என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

அடி அண்ணாமலையில் ஒரு கணக்கு

இந்திய நேரத்தை நிரந்தரமாக அரை மணி நேரம் முன்னே நகர்த்தினால் மாலை நேர மின்சாரம் மிச்சமாகும் என்ற பரிந்துரை அறிவியலாளர்களால் முன்வைக்கப்பட்டுள்ளது. அதைத் தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் பொருத்திப் பார்க்கலாம்.

இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. திருவண்ணாமலை ஏறத்தாழ 79 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பதால், சூரியக் கணக்கில் இவ்வூர் ஏற்கெனவே 14 நிமிடம் பிந்தியுள்ளது. சனவரி இறுதியில் இங்கு சூரியன் உதிப்பது சுமார் 6.40 மணிக்கு. அரை மணி நேரம் நகர்த்தினால் அது 7.10 ஆகும், ஒரு மணி நேரம் நகர்த்தினால் 7.40 ஆகும். கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்குப் பக்கமாக அமைந்த அடி அண்ணாமலையில், மலையைத் தாண்டி வெயில் விழ இன்னும் தாமதமாகும். காலையில் பால் ஊற்றப் போவோர், தனி வகுப்புக்குச் சைக்கிளில் செல்லும் மாணவர்கள், கிரிவலம் வருவோர் ஆகிய அனைவரும் அந்த இருட்டில்தான் சாலையில் இருப்பார்கள்.

இலண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு எட்டு மணி நேரத்துக்கும் மேல். திருவண்ணாமலையில் அது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. கொழும்பில் ஒரு மணி நேரம்கூட இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் சேமித்து வைக்க உபரிப் பகல் இல்லை. கடிகாரத்தை நகர்த்தினால் இருட்டு மாலையிலிருந்து காலைக்கு மாறுகிறது, அவ்வளவே. எனவே மிச்சமாகும் மின்சாரத்தைக் கணக்கிடுவோர், காலையில் சாலையில் நடக்கும் பிள்ளைகளையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.