செக்குபந்தியில் ஒரு ஹோட்டல்

வீட்டுக் கடனுக்கு ஈடாக வருகிற பத்திரங்களை வாங்கிப் பதிவேட்டில் எழுதிப் பெட்டகத்தில் வைப்பது வங்கியில் என் வேலைகளில் ஒன்று. பத்திரத்தின் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தை வக்கீலைத் தவிர யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன். போன வருஷம் ஆர்.எஸ். புரத்துக் குறுக்குத் தெரு ஒன்றிலிருந்து வந்த பத்திரத்தில் செக்குபந்தி இப்படிப் போயிற்று: இன்னார் வீட்டுக்கு மேற்கு, தென்வடல் தெருவுக்குக் கிழக்கு, ஹோட்டல் கட்டிடத்துக்கு வடக்கு. அந்த ஹோட்டலை எனக்குத் தெரியும். ஓட்டுக் கூரை, தெருவோடு ஒட்டிய இரண்டு படி, உள்ளே நுழைந்ததும் கல்லா. 2014ல் இடித்தார்கள். இப்போது அங்கே தூண்கள் மேல் நான்கு மாடி நிற்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு மூலப்பத்திரம் எண்பதுகளில் எழுதியது. எல்லையை மாற்றினால் பழைய பத்திரத்தோடு ஒத்துவராது என்று பத்திர எழுத்தர்கள் அதே வரியையே பிரதி செய்துகொண்டு வருகிறார்கள். ஆகவே ஹோட்டல் ஆவணப்படி இன்னும் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரின் தெற்கெல்லையாக.

இந்த ஹோட்டலைப் பற்றியும் இதுபோன்ற பிறவற்றைப் பற்றியும் நம் வட்டாரத்தில் நினைவுக் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. எல்லாம் ஒரே அச்சு. ஒரு காப்பிக்கு இரண்டு மணி நேரம் உட்காரலாம், சர்வர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், மூலை மேசையில் ஒரு கவிதைத் தொகுப்பு உருவாயிற்று, பிறகு பணப்பேய் பிடித்த கட்டிடக்காரன் வந்தான். இவற்றில் பொய் இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் நம்மை உட்கார வைத்தது யாருடைய காசு என்ற கேள்வி ஒரு கட்டுரையிலும் இல்லை. வாடகையைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்கு ஆகாது என்று நினைக்கிறோம் போலிருக்கிறது. வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

தாழ்ந்த கூரை ஏதோ கொங்கு மண்ணின் இயல்பு போலப் பேசுகிறவர்களுக்கு ஆர்.எஸ். புரத்தின் வயதை ஞாபகப்படுத்த வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் மீண்டும் மீண்டும் வந்து பெரிய கடைவீதிப் பக்கத்து நெரிசலை அச்சுறுத்திய பிறகு, நகரசபை மேற்கே நேர்கோட்டுத் தெருக்களாக விரித்த புறநகர் அது. நகரசபைத் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் ஊருக்கு. திவான் பகதூர் சாலையில் இருப்பது அவருடைய பட்டம். நோய்க்குப் பயந்து காற்றுக்காக இடம் விட்டுக் கட்டிய வீடுகள் தாழ்வாகத்தான் இருக்கும். 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. மூன்று ஷிப்டு ஓடுகிற ஊருக்கு மூன்று ஷிப்டு காப்பி வேண்டும். உடுப்பியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தவர்கள் வீடுகளின் முன்கட்டை வாடகைக்குப் பிடித்து அடுப்பு மூட்டினார்கள். நம் ஹோட்டல் என்பது பெரும்பாலும் திண்ணையை எடுத்துவிட்டுக் கல்லா போட்ட வீடு.

ஐம்பதுகளில் இங்கே மாவரைக்கும் இயந்திரம் பிறந்ததும் ஆட்டுக்கல்லுக்கு நாலு ஆள் தேவைப்பட்ட இடத்தில் ஒருவர் போதும் என்றாயிற்று. (அந்த கிரைண்டருக்கு இப்போது புவிசார் குறியீடு வேறு. ஆட்டுக்கல்லில் வேலை போனவர்களுக்கு எந்தக் குறியீடும் கிடையாது.) அறுபதுகளின் இறுதியில் அன்னபூர்ணா தொடங்கியது. தொழில் உள்ளூர்க்காரர்கள் கைக்கு வந்ததன் பெரிய அடையாளம் அது. இன்றும் பல கிளைகளோடு நடக்கிறது. என் கவலை அந்த அளவு நிறுவனங்களைப் பற்றியதல்ல, வாடகைக் கட்டிடத்தில் ஒற்றை அடுப்போடு நடந்தவற்றைப் பற்றியது.

இங்கே என் அப்பாவைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அன்னூர்ப் பக்கத்துக் கிராமம். ஊர் டீக்கடையில் தாத்தாவுக்குக் கொட்டாங்குச்சி, அப்பாவுக்குத் தனியாகத் தொங்கிய அலுமினியத் தம்ளர்; குடித்ததும் கழுவி மாட்டிவிட வேண்டும். சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடங்களில் தீண்டாமையைத் தடுக்கச் சென்னை மாகாணம் 1938லேயே சட்டம் செய்தது. 1955ல் மத்தியச் சட்டமும் வந்தது. ஹோட்டல்களும் யோக்கியமாகத் தொடங்கியவை அல்ல. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்கும் மற்றவருக்கும் இருந்த தனி இடம் 1941ல்தான் எடுபட்டது. ‘பிராமணாள்’ பலகைக்கு எதிராக ஈரோட்டுக்காரர் 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. அப்பா 1976ல் மில்லில் பதிலியாகச் சேர்ந்தபோது இந்தப் போர்களெல்லாம் முடிந்திருந்தன. வாராவாரம் சம்பளத்தன்று சைக்கிளில் இந்த ஹோட்டலுக்கு வந்து ஒரு காப்பி குடிப்பாராம். காப்பி அவ்வளவு நன்றாக இருக்குமா என்று கேட்டேன். “காப்பி என்ன காப்பி கண்ணு. நாங் குடிச்ச தம்ளர்லதா எனக்கப்பறம் வந்த வக்கீலும் குடிச்சாரு. அத ஒக்காந்து பாத்துட்டுத்தா வருவேன்” என்றார்.

இந்த ஹோட்டல்களின் சரித்திர முக்கியத்துவம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று எனக்குப் படுகிறது. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காமல் உள்ளே விடுகிற வாசல். காசு கொடுத்தால் போதும் என்ற வியாபாரத்தின் அலட்சியம், கொங்கு நாட்டில் ஒரு விடுதலையாகச் செயல்பட்டது. நம் மூலை மேசைக் கவிதைகள் அதற்குப் பிறகுதான். மிகைப்படுத்தவும் கூடாது. மேசை துடைத்த பையனும் பின்கட்டில் எச்சில் தட்டு கழுவிய பெண்களும் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பெண்கள் சாப்பிடக் குட்டைக் கதவு போட்ட ‘பேமிலி ரூம்’ இருந்தது. நினைவுக் கட்டுரைகளில் பெண்களே வராததற்கு அந்தக் கதவும் ஒரு காரணம்.

சரி, வாடகைக்கு வருவோம். யுத்தகாலத்தில், அதே 1941ல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆணை 1946லும் 1949லும் சட்டமாகி, கடைசியில் 1960ஆம் வருஷத்து 18ஆம் எண் சட்டமாக நிலைபெற்றது. வாடகைதாரரை நினைத்தபடி காலி செய்ய முடியாது. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. நியாய வாடகை வேண்டுமானால் மனுப் போட்டு வருஷக்கணக்கில் நடக்க வேண்டும். பஞ்சகாலத்துக்கு என்று வந்த ஏற்பாடு ஏறக்குறைய எண்பது வருஷம் இருந்தது. நம் ஹோட்டல் முதலாளி எண்பதுகளில் பேசிய வாடகையை ரொம்ப நாள் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டிடத்தின் சொந்தக்காரர்கள் ஒரு விதவையும் இரண்டு பிள்ளைகளும். மாத வாடகை அந்த அம்மாவின் மருந்துக்குக்கூடக் காணாது என்று மூத்தவர் என்னிடம் கணக்குச் சொன்னார். நாம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த ஒரு காப்பியின் மிச்ச விலையைக் கொடுத்தது அந்த அம்மாதான்.

பூட்டு இவ்வளவு கெட்டியாக இருந்த சட்டத்தில் சாவி 14ஆம் பிரிவில் இருந்தது. கட்டிடம் பழுது பார்க்க வேண்டும் என்று காலி செய்யச் சொன்னால், பழுது முடிந்ததும் வாடகைதாரரைத் திரும்ப அனுமதிக்க வேண்டும். இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றால், ஒரு மாதத்தில் இடிக்கத் தொடங்கி மூன்று மாதத்தில் முடிப்பதாக வாக்குக் கொடுத்தால் போதும். பழையவருக்குப் புதிய கட்டிடத்தில் இடம் தர வேண்டியதில்லை. இப்படி ஒரு சட்டம் இருந்தால் எந்தச் சொந்தக்காரர் பழுது பார்ப்பார்? ஓடு சரிவதும் சுவர் நனைவதும் அவருக்குச் சாட்சியம். கோயம்புத்தூரின் பழைய கட்டிடங்களை உப்பும் மழையும் தின்றன என்கிறோம். பாதியைத் தின்றது இந்தப் பிரிவு. கட்டிடம் எவ்வளவு சிதைந்திருக்க வேண்டும் என்ற சண்டை உச்சநீதிமன்றம் வரை போயிற்று. சென்னை மவுண்ட் ரோட்டுக் கடிகாரக் கடையான பி.ஆர் அண்டு சன்ஸ் வழக்கில், கட்டிடத்தின் நிலைமை முக்கியம் என்று வாடகைதாரர்களுக்கு ஆறுதலான தீர்ப்பு வந்தது. 1996ல் விஜய் சிங் வழக்கில் அதைத் தளர்த்தினார்கள்: வயதும் நிலையும் ஒரு பக்கம், சொந்தக்காரரின் உண்மையான நோக்கமும் கட்டும் பணவசதியும் மறு பக்கம், எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணவசதி இல்லாத விதவைக்குக் கட்டிடக்காரர் வசதியைக் கொண்டுவருவார். கூட்டு ஒப்பந்தம், ஒரு பவர் பத்திரம், பாதி மாடி உங்களுக்கு, பாதி எனக்கு. நம் ஹோட்டல் வழக்கு கீழ்க்கோர்ட்டில் இழுத்து, ஒரு தொகைக்குச் சமாதானமாயிற்று. முதலாளி ஊரோடு போய்விட்டார். 1960ஆம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரியில் போய்ப் புதுச் சட்டம் வந்தபோது காப்பாற்ற அதிகம் மிச்சமில்லை.

உயரத்துக்கு வருகிறேன். 10 சென்ட் மனை என்றால் 4,356 சதுர அடி. ஒற்றைத் தள ஹோட்டல் அதில் மூவாயிரத்தைப் பயன்படுத்தும். தளப்பரப்புக் குறியீடு 1.5 இருந்தவரை அங்கே 6,534 அடி கட்டலாம். 2019ல் தமிழ்நாடு முழுமைக்கும் வந்த கட்டிட விதிகள் அதை 2 ஆக்கின, 8,712 அடி. 18 மீட்டர் அகலச் சாலை இருந்து உயரக் கட்டிடமாகவே எழுப்பினால் 3.25, அரசுக்குப் பணம் கட்டினால் அதற்கு மேலும். சட்டத்தின் கண்ணில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரக் கட்டிடம். நாம் அண்ணாந்து பார்த்துப் புலம்புகிற ஆர்.எஸ். புரத்துக் குறுக்குத் தெரு மாடிகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் உயரமே இல்லை.

ஆகவே குற்றம் உயரத்தின் மேல் இல்லை என்பது என் வாதம். குற்றம் அடித்தளத்தில். கார் நிறுத்த விடுகிற தூண் தளம் தளப்பரப்புக் கணக்கில் சேராது. அதனால் தரைமட்டம் முழுவதும் காருக்குப் போய்விடுகிறது. எந்த இடத்தில் இரண்டு படி ஏறினால் கல்லாவோ அந்த இடத்தில் இப்போது ஒரு இரும்புக் கேட், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நோட்டுப் புத்தகம். இரண்டாவது மாடியில் பல் டாக்டர் இருக்கிறார் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காவலாளி நோட்டை நீட்டினார். பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், யாரைப் பார்க்க, போன் நம்பர். அப்பா நிதானமாக நான்கு கட்டத்தையும் நிரப்பினார். அவர் நாற்பது வருஷத்துக்கு முன்னால் எதையும் நிரப்பாமல் நுழைந்த வாசல் அது. அவர் அதைச் சொல்லவில்லை; பல்வலி.

வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா என்றால், நடந்த ஊர் இருக்கிறது. சிங்கப்பூர் எழுபதுகளிலும் எண்பதுகளின் நடுவரையிலும் தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளை அள்ளி எடுத்து, அடுக்குமாடிகளின் காலடியில் பொதுக் கூடங்கள் கட்டிக் குடிவைத்தது. அந்த அரசின் கைக்கடுமையைப் புகழ எனக்கு விருப்பமில்லை; தெருவிலிருந்து அகற்றுவதில் இருந்த வன்மையும் அந்தக் கதையில் உண்டு. ஆனால் மாடி உயர்ந்தாலும் தரை சாப்பிடுகிறவனுக்கு என்று ஒரு அரசு தீர்மானித்தால் அது நடக்கிறது. இங்கே சென்னை வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008ல் மூடி, அந்த நிலம் 2010ல் செம்மொழிப் பூங்காவாயிற்று. அங்கே எந்த மாடியும் எழவில்லை. ஹோட்டல் போனது போனதுதான். நிலம் யாருடையது, குத்தகை எத்தனை நாள் என்பதே முதல் விஷயம், கூரை அப்புறம்.

ஆர்.எஸ். புரத்தில் நகரம் தன் கையால் கட்டிய பல அடுக்கு ஒன்று திவான் பகதூர் சாலையில் இருக்கிறது. அது கார் நிறுத்துமிடம்.

வானம்பாடி 1971ல் இந்த ஊரிலிருந்துதான் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்த சிற்றேடுகளில் எத்தனை, யாரோ ஒரு அம்மாவின் ஏறாத வாடகையில் கூடிப் பேசிய பேச்சிலிருந்து பிறந்தன என்று ஒருவர் கணக்கெடுத்தால் நல்லது. நினைவுக் கட்டுரை எழுதுகிற நண்பர்களிடம் என் கோரிக்கை அவ்வளவே: சர்வர் பெயரோடு கட்டிடச் சொந்தக்காரர் பெயரையும் எழுதுங்கள்.

நம் போன மாதக் கூட்டம் ஒரு மாலின் மூன்றாவது மாடிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது நினைவிருக்கும். கட்டுரை பாதி வாசிக்கும்போதே ஒரு பையன் வந்து, கூட்டமாக உட்காரக் கூடாது சார், ஆளுக்கொரு பில் காட்டுங்க என்றான். ஆறு பேருக்கு இரண்டு பில் இருந்தது. மீதியைக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடி வாசித்தோம். ஒரு மணி நேரம் தாண்டியதற்கு நிறுத்தக் கட்டணம் வேறு. அடுத்த கூட்டத்துக்கு இடம் இன்னும் முடிவாகவில்லை. யாருக்காவது டவுன்ஹால் பக்கம் பழைய கடை ஏதாவது தெரிந்தால், எவ்வளவு நேரம் உட்கார விடுவார்கள் என்று விசாரித்து எழுதவும்.