மடுகரை பஸ்ஸில் ஒரு எம்.பி. தொகுதி

ஓட்டுப் பெட்டியின் கதை – 14

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் மடுகரை பஸ் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, கடைப் பலகைகளின் கடைசி வரியை மட்டும் படித்துக்கொண்டே வந்தேன். வில்லியனூர் வரை ‘புதுச்சேரி’. அதைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ‘விழுப்புரம் மாவட்டம்’. கண்டக்டர் சில்லறை கொடுத்து முடிப்பதற்குள் மறுபடியும் ‘புதுச்சேரி’. பலகை படிக்காதவர்களுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. மதுக்கடைகள் வரிசையாக வந்தால் புதுச்சேரி வந்துவிட்டது என்று அர்த்தம்.

தமிழ்நாட்டு வயல்களுக்கு நடுவே பொதிந்து கிடக்கிற நெட்டப்பாக்கம் கொம்யூனில்தான் மடுகரை இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் போய் எழுபது வருஷம் ஆகியும் ‘கொம்யூன்’ என்ற சொல் மட்டும் போகவில்லை.

போன வாரம் கீழூரில் நிறுத்தியிருந்தோம். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றும் 8 பேர் வேண்டாம் என்றும் சொன்ன இடம். அதற்கு ஏழு மாதம் முன்பே ஆட்டம் தொடங்கியது இந்த நெட்டப்பாக்கம் பக்கத்தில்தான். அன்று பாரீஸ் நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராக இருந்த எதுவார் குபேர், 1954 மார்ச் கடைசியில் கட்சி மாறி இங்கே வந்து இந்தியக் கொடியை ஏற்றினார். ஏன் இங்கே? பஸ் ஜன்னலில் பார்த்த அதே காரணம்தான். பிரெஞ்சுப் போலீஸ் இங்கே வந்து சேர வேண்டுமானால் இந்திய மண்ணை மிதிக்காமல் வர முடியாது. இந்தியா வழியை அடைத்துவிட்டால் நெட்டப்பாக்கம் கையை விட்டுப் போனதாகத்தான் கணக்கு.

அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் மடுகரை வெங்கடசுப்பா ரெட்டியார். 1963இல் புதுச்சேரியின் முதல் முதல்வரான குபேரை அடுத்து, 1964இல் அந்த நாற்காலிக்கு வந்தவரும் இவரே. இவருடைய மகன் வைத்திலிங்கம் 1991இல் ஒரு முறை, 2008இல் ஒரு முறை முதல்வரானார். ஒரு கிராமத்தின் ஒரே வீட்டிலிருந்து இரண்டு முதல்வர்கள்! இதில் பெருமைப்படுவதா, பெருமூச்சு விடுவதா என்பது அவரவர் கட்சியைப் பொறுத்தது.

நம் கதை எம்.பி. ஓட்டைப் பற்றியது. தொகுதியின் பெயர் ஒரு நகரத்தின் பெயர். உள்ளே இருப்பதோ நான்கு துண்டு நிலம்: புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரத்தில் காக்கிநாடா பக்கம் ஏனாம். சட்டமன்றத்துக்கு முப்பது தொகுதி, டெல்லிக்கு ஒரே ஒருவர். ஓட்டுக் கேட்கத் துண்டு நோட்டீஸ் அடித்தால் தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றிலும் அடிக்க வேண்டும். இப்படி ஒரு தலைவலி தமிழ்நாட்டின் முப்பத்தொன்பது தொகுதி வேட்பாளர்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது.

1967இல் நடந்த முதல் தேர்தலில் காங்கிரஸின் சேதுராமன் ஜெயித்தார். 1971இல் வந்தவர் கனமான ஆள், மோகன் குமாரமங்கலம். சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த சுப்பராயனின் மகன், பழைய கம்யூனிஸ்ட், இந்திராவின் மந்திரிசபையில் எஃகு, சுரங்கத் துறைகளுக்குப் பொறுப்பாளர். 1973 மே 31 அன்று டெல்லி பாலம் விமான நிலையத்துக்கு அருகே விழுந்த விமானத்தில் அவர் இருந்தார். தொகுதி காலியானது.

எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1974 தொடக்கத்தில் சட்டமன்றத் தேர்தலோடு இந்த இடைத்தேர்தலும் வந்தது. அண்ணா தி.மு.க.வின் அரவிந்த பாலா பழனூர் எம்.பி. ஆனார். அந்தக் கட்சி முதன்முதலில் ஆட்சி அமைத்ததும் சென்னையில் அல்ல, அதே 1974இல் புதுச்சேரியில்தான். ராமசாமி தலைமையிலான அந்த ஆட்சி மார்ச் மாதம் முடிவதற்குள்ளேயே கவிழ்ந்தது வேறு கதை. பழனூர் 1977இலும் ஜெயித்தார். 1979இல் சரண்சிங் மந்திரிசபையில் அவரும் சத்தியவாணி முத்துவும் இடம்பெற்றார்கள். மத்திய மந்திரிசபையில் ஏறிய முதல் திராவிடக் கட்சிக்காரர்கள் இவர்கள்.

அதே 1979இல்தான் வினையும் வந்தது. புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைத்துவிடலாம் என்று பிரதமர் மொரார்ஜி பேசினார். ஊர் கொந்தளித்தது. மடுகரையில் நின்று வரைபடத்தைப் பார்த்தால் இணைப்பது நியாயம் என்றுதான் தோன்றும். ஆனால் இங்கே மக்கள் வரைபடத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவதில்லை. 1980இல் தொகுதி காங்கிரஸின் ப. சண்முகம் கைக்குப் போனது. 1984, 1989 தேர்தல்களிலும் அவரே. அதற்குப் பின் இன்றுவரை அ.தி.மு.க. இங்கே ஜெயிக்கவில்லை.

பிறகு 1991, 1996, 1999 என மூன்று முறை பாரூக் மரைக்காயர்; நடுவே 1998இல் மட்டும் தி.மு.க.வின் ஆறுமுகம். 2004இல் பா.ம.க.வின் ராமதாஸ் ஜெயித்தார். திண்டிவனத்து டாக்டர் அல்ல, இவர் பேராசிரியர். அந்தத் தேர்தலில் தோற்ற பா.ஜ.க. வேட்பாளர் லலிதா குமாரமங்கலம். ஆம், அதே மோகனின் மகள். 2009இல் நாராயணசாமி, 2014இல் ரங்கசாமி கட்சியின் ராதாகிருஷ்ணன்.

2019இல் மடுகரைக்காரரின் முறை வந்தது. அதற்குள் வைத்திலிங்கம் சொந்தத் தொகுதியை விட்டு நகரத்துக்குப் போயிருந்தார். தொகுதி மறுசீரமைப்பில் நெட்டப்பாக்கம் தனித் தொகுதியாகிவிட்டதால், காமராஜ் நகரில் நின்று எம்.எல்.ஏ. ஆகி, சபாநாயகராகவும் இருந்தார். அதை ராஜினாமா செய்துவிட்டு எம்.பி.க்கு நின்று, 1,97,025 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024இல் எதிரே நின்றவர் அப்போதைய புதுச்சேரி உள்துறை மந்திரி நமச்சிவாயம், முன்பு வைத்திலிங்கத்தின் காங்கிரஸுக்கே மாநிலத் தலைவராக இருந்தவர். ஆளும் கூட்டணி, மந்திரி பதவி எல்லாம் இருந்தும் 1,36,516 ஓட்டில் தோற்றார். மூன்று வருஷம் முன்பு எம்.எல்.ஏ. ஓட்டை அந்தக் கூட்டணிக்குப் போட்டு ஆட்சியில் உட்கார வைத்ததும் இதே வாக்காளர்கள்தான்.

1967 முதல் இடைத்தேர்தலையும் சேர்த்து, 16 முறை எம்.பி. ஓட்டு நடந்திருக்கிறது. 11 முறை காங்கிரஸ். இதே காலத்தில் உள்ளாட்சி ஓட்டு எத்தனை முறை தெரியுமா? 1968இல் ஒன்று, 38 வருஷம் கழித்து 2006இல் ஒன்று. அவ்வளவுதான். டெல்லிக்கு ஆள் அனுப்ப மடுகரைக்காரர் 16 முறை விரலில் மை வைத்துக்கொண்டார். தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்க ஒரு வார்டு உறுப்பினர் கிடைத்தது இரண்டே முறை. இரண்டு முதல்வர்களைக் கொடுத்த ஊருக்கே இந்த நிலை.

திரும்பும் பஸ் வரும்வரை மடுகரையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். 2024இல் இங்கேயும் எல்லைக்கு அப்பால் விழுப்புரத்திலும் ஓட்டு ஒரே நாள், ஏப்ரல் 19. ஆனால் இதே தொகுதியைச் சேர்ந்த மாஹேயில் அன்று மை வைத்துக்கொண்டவர் பாலத்தைக் கடந்தால், அந்தப் பக்கம் கேரளத்தின் வடகரை தொகுதி. அங்கே ஷாஃபி பரம்பிலுக்கும் ஷைலஜா டீச்சருக்கும் அனல் பறக்கும் போட்டி, வாக்குப்பதிவுக்கு இன்னும் ஒரு வாரம் பாக்கி. அந்தப் பாலத்துக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)