தோல் துருத்தியில் பிறந்த கார்புரேட்டர்
மோரிஸ் மைனரின் எஸ்.யூ. கார்புரேட்டர் ஒரு செருப்பு வியாபாரி வீட்டுப் பிள்ளையின் வேலை என்றால் நம்புவீங்களா? ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னரின் குடும்பம் லண்டன் லில்லி அண்ட் ஸ்கின்னர் காலணிக் கம்பெனிக்காரர்கள். அவருடைய முதல் கார்புரேட்டரில் காற்றுவழியைக் கட்டுப்படுத்தியது தோல் துருத்தி. தோலுக்கு அந்த வீட்டில் பஞ்சமா! எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன், கம்பெனி 1910-ல். பிறகு தோல் போய் உலோக பிஸ்டன் வந்தது. 1926-ல் வில்லியம் மோரிஸ் வாங்கிக்கொண்டார்.

பழுதும் பெரும்பாலும் அந்தத் துருத்தியின் வாரிசிடம்தான் என்பேன். வண்டி திணறினால் உடனே ஜெட்டைத் திருகாதீங்க, கார்புரேட்டரையே தூக்கிப் போடவும் வேண்டாம். மேலே டாம்பரைக் கழற்றிவிட்டு பிஸ்டனைத் தூக்கி விடுங்க. ‘டொக்’கென்று விழணும். ஒட்டி ஒட்டி இறங்கினால் உள்ளே அழுக்கு, அல்லது ஊசி ஜெட்டில் உரசுது. துடைத்து, ஜெட்டை மையப்படுத்தினால் சரியாகிவிடும். த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து ஓரமாகக் காற்று இழுத்தால்தான் செலவு. புது புஷ் போடாமல் எவ்வளவு ட்யூனிங் செய்தாலும் ஐடில் நிற்காது.