எட்டு எழுத்தின் விலை

ஒரு பெயருக்கு என்ன விலை கொடுக்கலாம்? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் ரூபாய்க் கணக்கிலேயே ஒரு விடை இருக்கிறது. எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய்.

பூதூர் வைத்தியநாதையர் என்பவர் 1926-ஆம் வருஷம் பிப்ரவரியில் ‘ஆனந்த விகடன்’ என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். இரண்டு வருஷம் முடிவதற்குள் பணமுடை வந்துவிட்டது. 1927 டிசம்பர் இதழ் வெளிவரவே இல்லை. அப்போது சென்னையில் விளம்பரத் தொழில் நடத்தி வந்த எஸ். எஸ். வாசன், 1928 ஜனவரியில் அந்தப் பத்திரிகையின் உரிமையை விலைக்கு வாங்கினார். ஆ, ன, ந், த, வி, க, ட, ன் என்று எண்ணிப் பாருங்கள். எட்டு எழுத்து. எழுத்துக்கு 25 வீதம் 200 ரூபாய். மறு மாதமே புதிய உருவத்தில் பத்திரிகை வந்தது. அதன் பிறகு நடந்த கதை தமிழ் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

பெயரின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கதையை ஆசையோடு எடுத்துச் சொல்வார்கள். “பார்த்தீர்களா, வாசன் பெயரின் அருமை அறிந்தவர்!” என்பார்கள். அறிந்தவர்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கதையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் வேறொரு விஷயம் தெரிகிறது. 1927 டிசம்பரில் அச்சேற வழியில்லாமல் கிடந்ததும் அதே எட்டு எழுத்துத்தான். சில வருஷங்களில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்ததும் அதே எட்டு எழுத்துத்தான். மாறியது கை. கல்கியின் எழுத்தும், மாலியின் சித்திரமும், குறுக்கெழுத்துப் போட்டியும், விளம்பரம் செய்யத் தெரிந்த ஒரு முதலாளியின் சாமர்த்தியமும் உள்ளே வந்து சேர்ந்தன. பெயரை அசையாமல் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் மாற்றிப் பார்த்த பரீட்சை இது. இதைவிடச் சுத்தமான பரீட்சை வேறு கிடைப்பது துர்லபம்.

இந்தப் பழங்கதையை நான் தூசி தட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் நெய்வேலி வாசி. பண்ருட்டியை அடுத்த திருவதிகையில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. அவருடைய மகன் யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறான். கோயில், பலாத் தோப்பு, முந்திரிக் காடு, கெடிலம் ஆறு என்று சுற்றுவட்டாரத்தையெல்லாம் படம் பிடித்துப் போடுகிறான். சேனலுக்குத் திருவதிகை என்ற ஊர்ப் பெயரையே முன்னால் வைத்திருக்கிறான். காமிரா வாங்குவதற்காக அவன் தாயாரின் வளையல் அடகுக் கடைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. இன்னும் திரும்பி வரவில்லை. பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறமாட்டேன் என்கிறது. “பெயர்தான் மாமா சரியில்லை என்கிறார்கள். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு இங்கிலீஷில் ஜோராக ஒன்று வைத்தால் வளரும் என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?” என்று கேட்டான்.

சாதாரணக் கேள்வி அல்ல இது. வளையல் திரும்புமா, பையன் ஏதாவதொரு கம்பெனி வாசலில் போய் நிற்பானா என்பதெல்லாம் இதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆகையால் சட்டென்று பதில் சொல்ல நான் விரும்பவில்லை.

முதலில், இந்த யூடியூபில் ஜனங்கள் எந்த வழியாக உள்ளே வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பத்திரிகைக் கடையில் பெயர்ப்பலகை கண்ணில் படும். கடைக்காரனிடம் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். இங்கே அப்படியில்லை. ஒரு வீடியோவைப் பார்த்து முடித்தவனுக்கு அடுத்ததை இயந்திரமே எடுத்து நீட்டுகிறது. அவன் கண்ணில் முதலில் படுவது ஒரு சிறு படம். அப்புறம் அந்த வீடியோவின் தலைப்பு. சேனலின் பெயர் அதற்கும் கீழே பொடி எழுத்தில் கிடக்கிறது. பார்த்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று சேனல்காரனுக்கு அவர்களே ஒரு கணக்கும் காட்டுகிறார்கள். பையனுடைய கணக்கை நானும் அவனும் உட்கார்ந்து பார்த்தோம். சேனலின் பெயரைத் தேடி வந்தவர்கள் மிகச் சொற்பம். பலாப்பழம் அறுப்பதைத் தேடி வந்தவர்களும், தேர்த் திருவிழாவைத் தேடி வந்தவர்களுமே பெரும்பாலோர்.

பெயரே கூட்டத்தைக் கொண்டுவந்த கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் குழாய் செய்யும் பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் ஒரு கம்பெனி. ‘யூனிவர்சல் டியூப்’ என்று தொடங்கும் பெயர். அதைச் சுருக்கி ‘யு டியூப்’ என்று ஒலிக்கும்படி இணையத்தில் விலாசம் வைத்திருந்தார்கள். 2005-இல் யூடியூப் பிறந்தது. அடுத்த வருஷமே அதை கூகுள் வாங்கியது. எழுத்துத் தெரியாமல் தடுமாறிய ஜனங்கள் லட்சக்கணக்கில் குழாய்க் கம்பெனியின் வாசலில் போய் விழுந்தார்கள். வாசல் இடிந்துவிட்டது, அதாவது அந்த இணையதளமே செயலற்றுப் போயிற்று. வந்தவர்களில் ஒருவருக்காவது குழாய் இயந்திரம் வேண்டியிருக்குமா? கம்பெனிக்காரர் 2006-இல் கோர்ட்டுக்குப் போனார். பெயரால் வந்த கூட்டத்தை எதிர்த்து ஒரு வியாபாரி வழக்காடியது உலக அதிசயங்களில் ஒன்று என்று நினைக்கிறேன்.

பையனுக்கு யோசனை சொன்னவர்கள் எடுத்துக் காட்டியது ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’. அது நல்ல உதாரணந்தான். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில், சமையல் தொழில் செய்து பழகிய ஒரு பெரியவரும் அவருடைய பேரன்மார்களும் 2018-இல் ஆரம்பித்தார்கள். 2021 ஜூலையில் சந்தாதாரர் தொகை ஒரு கோடியைத் தொட்டது. தமிழ்ச் சேனல்களில் முதன்முதலாக அந்த எண்ணிக்கையை எட்டியது அதுதான். பெயர் இங்கிலீஷ்தான். ஆனால் அதில் ஜோர் என்ன இருக்கிறது? கிராமம், சமையல், சேனல், அவ்வளவுதான். மளிகைக் கடைக்கு ‘மளிகைக் கடை’ என்று பலகை போட்டதைப் போல. அந்தப் பெயர் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்கிறது: தமிழ் தெரியாதவனுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. சமையலைப் பார்ப்பதற்கு மொழி அதிகம் வேண்டாமல்லவா? இதே மாதிரி ‘வில்லேஜ்’ என்று தலையில் சூட்டிக்கொண்ட சமையல் சேனல்கள் இன்று கணக்கில் அடங்கா. அவற்றில் பெரும்பாலானவை பெயர் தெரியாமல் கிடக்கின்றன. தோப்பில் அண்டா அண்டாவாகச் சமைத்து, சமைத்ததை முதியோருக்கும் இல்லாதவர்களுக்கும் பரிமாறுகிற காட்சியைப் பெயரா கொண்டுவந்தது?

கொஞ்சம் பின்னால் போவோம். இன்று எல்லோர் வீட்டிலும் ஓடுகிற விஜய் டி.வி. 1994-இல் தொடங்கியபோது அதற்குப் பெயர் ‘கோல்டன் ஈகிள்’. பொற்கழுகு! எவ்வளவு கம்பீரமான பெயர்! கழுகு பறக்கவில்லை. பிறகு மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா அதை வாங்கித் தம் பெயரைச் சூட்டினார். அவரும் விட்டுவிட்டார். 2001-இல் ஸ்டார் நிறுவனத்தின் கைக்கு அது வந்தபோது ‘விஜய்’ என்பதை அவர்கள் எடுக்கவில்லை. ‘ஸ்டார்’ என்பதை முன்னால் ஒட்டிக்கொண்டார்கள். பெயருக்கு உரியவர் நாட்டை விட்டே போய்விட்டார். பெயர் மட்டும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிலைத்துவிட்டது. இந்தப் பெயருக்கும் நிகழ்ச்சிகளுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. பாட்டுப் போட்டியும் தொடர்கதையுமாகச் சேர்ந்து, அர்த்தமில்லாத அந்த மூன்று எழுத்துக்குள் அர்த்தத்தை ஊற்றிவிட்டன.

‘கல்கி’ வேறு ரகம். 1941 ஆகஸ்டில் ரா. கிருஷ்ணமூர்த்தியும் டி. சதாசிவமும் அந்தப் பத்திரிகையை ஆரம்பித்தபோது பெயருக்குள் சரக்கு ஏற்கெனவே நிறைந்திருந்தது. பத்து வருஷம் விகடனில் எழுதி எழுதி அவர் நிரப்பியது. முதல் இதழ் வருவதற்கு முன்பே வாசகர் காத்திருந்தார்கள். பெயர் வளர்ச்சிக்கு உதவியது என்று ஆணையிட்டுச் சொல்லக்கூடிய இடம் இது. ஆனால் அந்தப் பெயரும் 2020-இல் அச்சு இதழ் நின்றபோது அதைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. இணையத்தோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று.

ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் வளரலாம் என்ற யோசனை எங்கள் நெய்வேலிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் வந்ததும், 1956-இல் ‘நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன்’ ஏற்பட்டதும், அடுத்த வருஷம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததும் இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். 2016-இல் அந்தக் கம்பெனியின் பெயரை ‘என்.எல்.சி. இந்தியா’ என்று மாற்றினார்கள். ராஜஸ்தானத்திலும் ஒரிஸாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் வேலை விரிந்துவிட்டதால் ஒரு சிற்றூரின் பெயர் போதவில்லை என்பது அவர்கள் பக்கத்து நியாயம். நிலத்தைக் கொடுத்த ஊரின் பெயரை நீக்கலாமா என்று தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. அதுவும் நியாயந்தான். நான் கவனித்தது ஒன்று உண்டு. ‘என்’ என்ற எழுத்தை அவர்கள் விடவில்லை. அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அது இல்லாமலும் முடியாது. அறுபது வருஷம் உழைத்து நிரப்பிய பெயரை முழுவதும் கொட்டிவிட அவர்களுக்கே மனம் வரவில்லை.

நெய்வேலி நகரியத்தில் விலாசம் என்றால் வட்டத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்களுக்கு நடுவில் வேலுடையான்பட்டு என்ற பெயர் மட்டும் முருகன் கோயிலைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று அங்கே காவடிக் கூட்டத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது.

இனித் திருவதிகைக்கே வருகிறேன். பெயர் மாற்றத்துக்கு அந்த ஊரைப்போல் பேர்போன ஊர் தமிழ்நாட்டில் வேறு இல்லை. பக்கத்துத் திருவாமூரில் பிறந்தபோது அவருக்கு மருள்நீக்கியார் என்று பெயர். சமண சமயத்தில் சேர்ந்ததும் தருமசேனர். சூலை நோயோடு தமக்கை திலகவதியாரைத் தேடி அதிகைக்கு வந்து, வீரட்டானத்தில் நின்று பாடிய பிறகு நாவுக்கரசர். பின்னால் சம்பந்தர் வாயால் அப்பர். சேக்கிழார் சொல்லும் இந்த வரிசையைப் பாருங்கள். நாவுக்கரசர் என்ற பெயர் பாட்டுக்கு அப்புறம் வந்தது, முன்னால் வரவில்லை. அவராக வைத்துக்கொண்டதும் அல்ல. நான்கிலும் ஜனங்கள் வாயில் அதிகமாக நிலைத்தது எது? ஒரு பிள்ளை அன்பினால் கூப்பிட்ட ‘அப்பர்’.

அதே கதையில் ஓர் அரசனும் வருகிறான். பல்லவன் மகேந்திரவர்மன் சைவனாகி, திருவதிகையில் ஒரு கோயில் எடுத்து, ‘குணபரன்’ என்ற தன் விருதையே வைத்துக் குணபர ஈச்சரம் என்று பெயரிட்டான் என்பார்கள். விசித்திரசித்தன், மத்தவிலாசன், சத்துருமல்லன், லளிதாங்குரன் என்று அவன் சூட்டிக்கொண்ட பெயர்களைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். நல்ல கலைஞன், ஆனால் பெயர் சூட்டிக்கொள்வதில் அவனுக்குத் திருப்தியே ஏற்பட்டதில்லை போலிருக்கிறது. இன்று அதிகைக்கு வருகிற கூட்டம் வீரட்டானேசுவரரைத்தான் விசாரித்துக்கொண்டு வருகிறது.

ஆகவே பையனிடம், பெயரை மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு வருஷத்தில் சேர்ந்த கொஞ்சம் பேரும் அந்தப் பெயரைத்தான் அறிவார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய சேனல்களுக்கு யூடியூப் கொடுக்கிற முத்திரை, பெயரை மாற்றினால் போய்விடும். அவனுக்கு அந்த முத்திரை இன்னும் கிடைக்கவில்லை என்றாலும், பெயர் மாற்றத்தை அந்தக் கம்பெனி எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம். மாற்ற வேண்டியவை தலைப்புகள். ‘ஒரு இனிய மாலைப் பொழுது’ என்று ஒரு வீடியோவுக்குத் தலைப்பு வைத்திருந்தான். திறந்து பார்த்தால், பலா மரத்தில் ஏறிக் காயைத் தட்டிப் பார்த்து, ஓசையைக் கொண்டு முற்றியதா இல்லையா என்று ஒரு கிழவர் சொல்லிக்கொடுக்கிறார். அருமையான விஷயம்! அதைத் தேடுகிறவன் ‘இனிய மாலை’ என்றா தேடுவான்?

ஆனால் அவனுடைய பெயரில் மெய்யாகவே ஒரு குறை இருந்தது. யோசனை சொன்னவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நம்மவர்கள் செல்பேசியில் தமிழ்ப் பெயரையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டுகிறார்கள். திருவதிகையை அப்படி எழுதுவதற்கு எத்தனை வழி! முதல் எழுத்து ‘டி’ மட்டுமா, கூட ‘ஹெச்’ உண்டா? நடுவில் வரும் ‘தி’க்கு எதை எழுதுவது? கடைசியில் ‘ஜி’யா, ‘கே’யா? பஸ் போர்டில் ஒரு மாதிரி, கோயில் பலகையில் ஒரு மாதிரி, ஆதார் அட்டையில் வேறு மாதிரி. பையனே தன் சேனலில் ஒரு விதமாகவும், 2022-இல் யூடியூப் எல்லாச் சேனலுக்கும் கொடுத்த தனி அடையாளப் பெயரில் இன்னொரு விதமாகவும் எழுதி வைத்திருந்தான். ஒருவர் பார்த்து ரசித்துவிட்டு அடுத்தவரிடம் வாயால் சொன்னால், அவர் தட்டித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாமா? காதில் கேட்டதைக் கையால் எழுதினால் ஒரே இடத்தில் போய்ச் சேர வேண்டும். பெயர் செய்யக்கூடிய உதவி அவ்வளவுதான். அதையாவது அது செய்ய வேண்டும்.

இப்போது தமிழ் எழுத்தில் ஊரின் பெயரையும், பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரே ஒரு வடிவத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறான். பழைய வீடியோக்களின் தலைப்புகளையும் ஒவ்வொன்றாகத் திருத்திவருகிறான். பலாக்காய் தட்டும் கிழவருக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருக்கிறது. நடுவில் வரும் அந்த ‘ஹெச்’சை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்பதில் மட்டும் அவனுக்கும் எனக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை.