நிலப்பனை: தரையோட தரையா ஒரு வரலாறு

கொல்லிமலைன்னா நம்மாளுங்களுக்கு வல்வில் ஓரி, 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை. அதைத் தாண்டினா மூலிகை. இதுவும் மூலிகைதான், ஆனா வைத்தியக் குறிப்பு இல்லைங்க :) நிழல்ல மஞ்சளா பூக்குற நிலப்பனையோட கதை.

பனங்கன்று மாதிரி இலை, முழம்கூட உயரம் இல்லை. அதனால அந்தப் பேர். கொச்சியில டச்சுக் கவர்னரா இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்கள்கிட்ட கேட்டுத் தொகுத்த 'ஹார்ட்டஸ் மலபாரிகஸ்' 1678-லேர்ந்து 1693 வரை 12 பாகமா ஆம்ஸ்டர்டாம்ல வெளிவந்துச்சு. அதோட கடைசி பாகத்துல நிலப்பனை படத்தோட இருக்கு, அதுவும் நம்ம பக்கத்துப் பேர்லயே! 1788-ல ஜெர்மன்காரர் கேர்ட்னர் 'குர்குலிகோ ஆர்க்கியாய்டிஸ்'னு பேர் மாத்தினார். குர்குலியோன்னா லத்தீன்ல கூன்வண்டு. பனை எங்கே, வண்டு எங்கே!

கொல்லிமலையின் 14 நாடுகள்ல எடப்புளி நாடும் ஒண்ணு. இந்த மலையில காபிக்கு நிழல் தர்ற சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். கீழே நாட்டுல நிழலுக்குன்னு நர்சரியில வாங்குற மஞ்சப்பூ வெடேலியா அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. விட்டா தோட்டத்தைத் தாண்டி ஓடிடும். மேலேயும் வெளியூர், கீழேயும் வெளியூர்னா நம்ம செடி எங்கேதான் போகும்?

இதுல ஒரு சிக்கல் இருக்கு. நிலப்பனையில மருந்துக்கு வேண்டியது கிழங்கு. இலையைக் கிள்ளிட்டு விடுற கதை இல்லை, தோண்டினா செடியே போச்சு. பூ மட்டும்தான் வெளியே தெரியும், காய் இலையடியில மண்ணோட மறைஞ்சே பழுக்கும். அதனால காட்டுல தோண்டுறவங்க விதையையும் சேர்த்தே கிளப்பிடறாங்க.

ஆனா வளர்க்கிறது சுலபம். மொட்டு உள்ள கிழங்குத் துண்டை மழை தொடங்கறப்போ மரத்தடியில, இலை மக்கு போட்டு நட்டா போதும். தண்ணி மட்டும் தேங்கக் கூடாது. இலை நுனி மண்ணைத் தொட்டா அங்கேயும் குட்டி முளைக்கும். கோடையில இலை காஞ்சா செத்துப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்க, அடுத்த மழைக்குத் துளிர்க்கும். முக்கியமா, நடுற கிழங்கு தோட்டத்துல வளர்ந்ததான்னு கேட்டு வாங்குங்க. காட்டுல தோண்டினதை வாங்கி வீட்டுல நட்டா, நாம காப்பாத்தினது ஒண்ணுமே இல்லை.

முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே ஆம்ஸ்டர்டாம் புத்தகத்துல இடம் பிடிச்ச செடிக்கு நம்ம மாமரத்தடியில ஒரு சாண் இடம் இல்லாமலா போகும்?