நீர்த்திரையும் பால்மூடியும்

தில்லிச் செங்கோட்டைக்குள் இருக்கும் ஹயாத் பக்ஷ் தோட்டத்தின் இரு கோடிகளிலும் கார்கால மாதங்களின் பெயர் கொண்ட சாவன், பாதோன் என்னும் பளிங்கு மண்டபங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. 1648-இல் ஷாஜகானின் கோட்டை முடிந்த காலத்தில், இவற்றின் விளிம்பிலிருந்து நீர் மெல்லிய திரையாக இறங்கியது. திரைக்குப் பின்னால் சுவரில் வரிசையாகச் சிறு மாடங்கள். பகலில் அவற்றில் பூச்சாடி வைத்தார்கள், இரவில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அதே கோட்டையின் லாகூர் வாசலை விட்டு வெளியே வந்து சாந்தினி சௌக்கில் சிறிது தூரம் நடந்தால் பாகீரத் பேலஸ். ஒரு காலத்தில் பேகம் சம்ருவின் மாளிகையாக இருந்த இடம், இன்று தலைநகரின் மின்பொருள் மொத்தச் சந்தை. அங்கே அலுமினியச் சேனல்கள் கட்டுக்கட்டாகச் சுவரில் சாய்ந்திருக்கும். உள்ளே எல்இடி ஸ்ட்ரிப்பை ஒட்டி, மேலே பால்நிற மூடியை அழுத்திப் பொருத்தினால் கடைக்காரர் சொல்லும் ‘ப்ரொஃபைல் லைட்’ தயார்.

ஒன்று பாதுஷாவின் கார்கால விளையாட்டு. மற்றது துவாரகாவிலோ மயூர் விஹாரிலோ இருக்கும் அடுக்குமாடி வீட்டின் ஃபால்ஸ் சீலிங் வேலை. அந்தஸ்தில் இவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. மாடத்துக்குச் சேனல், மெழுகுவத்திக்கு டயோடு, நீர்த்திரைக்குப் பால்மூடி என்று எதற்கும் எதிரில் ஓர் இணை இருக்கிறது.

விளக்கை மறைத்து வெளிச்சத்தை மட்டும் காட்டுவது என்பதே இரண்டுக்கும் பொதுவான முதல் விதி. இது எல்லாப் பண்பாட்டுக்கும் இயல்பாக வரும் எண்ணம் அல்ல. நம் ஊர் வீடுகளின் விளக்கு மாடம் சுடரைக் காற்றிலிருந்து காப்பதற்காக உண்டானது. சுடரை மறைப்பதற்காக அல்ல. கோயிலின் சரவிளக்கிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டியது சுடரே. முகலாயத் தோட்டக்காரர்களோ சுடரைத் திரைக்குப் பின்னால் தள்ளினார்கள். தில்லியில் மட்டுமல்ல, லாகூரின் ஷாலிமார் தோட்டத்திலும் நீர் விழும் சுவரில் இத்தகைய மாடங்கள் உண்டு. 1660களில் ஔரங்கசீப்பின் பரிவாரத்தோடு காஷ்மீர் சென்ற பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், அச்சபல் தோட்டத்தில் விழுநீருக்குப் பின்னால் இரவில் விளக்கேற்றும் வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். இன்றைய உள்ளலங்காரக்காரர் வெறும் ஸ்ட்ரிப் கண்ணில் படுவதைக் கூச்சமாகக் கருதுவதும் அதே உணர்வின் தொடர்ச்சிதான்.

விதி ஒன்றாக இருந்தாலும் நோக்கம் நேர் எதிர். இந்த ஒப்பீட்டில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இதுவே.

மாடங்களில் விளக்குகள் தனித்தனிப் புள்ளிகள். நீருக்குப் பின்னால் அவை தனித்தனியாக நடுங்க வேண்டும், மின்ன வேண்டும். அழகே அந்த நடுக்கத்தில் இருந்தது. ப்ரொஃபைல் லைட்டில் அதே புள்ளி ஒரு குற்றம். விளக்கேற்றியதும் கோடாகத் தெரியாமல் முத்து முத்தாகத் தெரிந்தால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அதை ஒழிக்கத்தான் அதிகப் பணம் போகிறது.

காரணம் இரண்டு திரைகளின் இயல்பில் இருக்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, மூடிக்குப் பயன்படும் அக்ரிலிக்குக்கு ஏறத்தாழ 1.49. தெளிந்த பொருள்களாகப் பார்த்தால் இரண்டும் நெருங்கிய உறவினர். நீர் தெளிவாகவே இருந்து, அசையும் தன் மேற்பரப்பால் ஒளியைக் கணத்துக்குக் கணம் வேறு பக்கம் வளைக்கிறது. பால்மூடி அசைவதில்லை, தனக்குள் கலந்த நுண்துகள்களால் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. நீர் ஒளியை ஆட வைக்கிறது, மூடி அதை அடக்கி உட்கார வைக்கிறது. அடக்கத்துக்கு விலையும் உண்டு. ஒளியில் ஐந்தில் ஒரு பங்கோ, அடர்த்தியான மூடியானால் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கு மேலுமோ அங்கேயே நின்றுவிடும். நீர்த்திரை அவ்வளவு வரி வசூலிப்பதில்லை.

இரண்டிலும் கைத்திறன் முழுவதும் விளக்குக்கும் திரைக்கும் இடையிலான தூரத்தில்தான் இருக்கிறது. மாடம் உள்வாங்கி இருப்பதால்தான் சுடரை நீர் தொடுவதில்லை. சேனலில் இந்தத் தூரம் மில்லிமீட்டர் கணக்கு. ஒரு மீட்டரில் 60 எல்இடி கொண்ட ஸ்ட்ரிப்பில் இரு எல்இடிகளுக்கு இடையே ஏறத்தாழ 17 மி.மீ.; 120 என்றால் 8 மி.மீ. சொச்சம், 240 என்றால் 4 மி.மீ. சொச்சம். எல்இடியிலிருந்து மூடி வரையுள்ள ஆழம் இந்த இடைவெளிக்காவது சமமாக இருந்தால்தான் புள்ளிகள் கரையத் தொடங்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சேனலின் வெளி ஆழமே 7 அல்லது 8 மி.மீ. தான். அதற்குள் 60 எல்இடி ஸ்ட்ரிப்பை ஒட்டிவிட்டு மூடியைக் குறை சொல்வது நியாயமில்லை. அண்மைக்கால ‘காப்’ ஸ்ட்ரிப் இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. நெருக்கமாக அடுக்கிய சில்லுகளின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு தொடர்ச்சியாக ஓடுவதால், அதில் திரையே விளக்கோடு ஒட்டிக்கொண்டது. ஆழமில்லாத சேனல் அதற்குப் போதும்.

நிறத்தை நீட்ட வேண்டியதில்லை. மெழுகுவத்தி ஏறத்தாழ 1,900 கெல்வின். கடையின் ‘வார்ம் ஒயிட்’ 2,700 முதல் 3,000 வரை. பாதுஷாவின் இரவு நம்முடையதைவிடச் செம்மையானது.

வெப்பத்தில் திசைதான் வேறு. சுடரின் வெப்பம் மேலே போகும். எல்இடி முன்னால் ஒளியையும் பின்னால் வெப்பத்தையும் அனுப்பும். கொடுத்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகவே மாறுகிறது. அலுமினியத்தின் முதல் வேலை அதை வாங்கிப் பரப்புவது. மே மாதம் 45 டிகிரியைத் தொடும் ஊரில் இது சின்ன உதவி அல்ல. ஆனாலும் கடைக்காரர் சொல்வதில் பாதியைத்தான் நான் ஏற்பேன். மீட்டருக்கு ஐந்து வாட்டுக்குக் கீழான ஸ்ட்ரிப்புக்கு வெப்பத்துக்காக அலுமினியம் கட்டாயமில்லை. சேனலின் மறுபயன் அங்கே முக்கியம்: டிஸ்டம்பர் அடித்த சுவரில் ஒட்டிய ஸ்ட்ரிப் சுண்ணப்பொடியோடு உரிந்து தொங்கும், அலுமினியத்தில் ஒட்டினால் நேராக நிற்கும். புழுதிக்காற்றில் மூடி தூசியைத் தாங்கிக்கொள்வதும் ஒரு லாபம். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போயிற்று. நீர்த்திரையை யாரும் துடைக்க வேண்டியிருந்திருக்காது.

இனி, நான் எதிர்பாராமல் கண்ட உறவு. இரண்டுமே ஓட்டத்தை நம்பி வாழ்பவை, இரண்டுக்கும் தலைப்பிலிருந்து கடைமடை வரை ஒரே கவலை. கோட்டைக்கு நீர் தந்தது, அலி மர்தான் கான் பெயரால் அறியப்படும் யமுனைக் கால்வாய். வடகிழக்கு மூலையின் ஷா புர்ஜில் நுழைந்து, ‘நஹர்-இ-பிஹிஷ்த்’ என்ற பெயரோடு அரண்மனைகளின் ஊடாகத் தெற்கே ஓடியது. எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறதோ அவ்வளவுதான் அதன் பலம். ஸ்ட்ரிப்பில் அந்த உயரத்தின் பெயர் வோல்ட். மீட்டருக்கு 14.4 வாட் கொண்ட ஐந்து மீட்டர் சுருள் 72 வாட் கேட்கும். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியர். மெல்லிய செம்புப் பட்டையில் அவ்வளவு மின்னோட்டம் போகும்போது வழியிலேயே வோல்ட் குறைந்து, கடைசி முனை மங்கி நிற்கும். அதே சுமை 24 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஆகிறது; செம்பில் வீணாவது கால்பங்காகக் குறைகிறது. இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் கொடுப்பது இன்னொரு வழி. பாசனக்காரர் கால்வாய்க்குச் சொல்லும் தீர்வுகளும் இவையேதான்: தலைப்பை உயர்த்து, அல்லது கடைமடைக்குத் தனி வாய்க்கால் கொடு.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. அந்தக் கால்வாய் நீர் சாந்தினி சௌக்கின் நடுவிலும் ஓடியது. பிற்காலத்தில்தான் அது மூடப்பட்டது. ஸ்ட்ரிப்பும் அதற்கு மின்சாரம் தரும் டிரைவரும் விற்கும் இன்றைய கடைகள், ஒரு காலத்தில் அந்த நீர் ஓடிய தெருவை ஒட்டியே நிற்கின்றன.

பகலில் இருவரும் பிரிகிறார்கள். மாடத்துக்குப் பகலிலும் வேலை இருந்தது. சுடர் போன இடத்தில் பூ வந்தது. அணைந்த ப்ரொஃபைல் லைட் கூரையில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவே. ஆள்பலத்தில் நிலைமை தலைகீழ். மாடத்துக்கு மாடம் திரி ஏற்ற ஒரு கை வேண்டும். சேனலுக்கு ஒரு சுவிட்ச் போதும், அது பழுதாகும் நாள் வரை. பழுது பெரும்பாலும் டிரைவரில்தான் முதலில் வருகிறது. அதை எட்ட வழி விடாமல் பிஓபி பூசி அடைத்துவிட்டால், ஒரு சிறு பெட்டியை மாற்றக் கூரையை உடைக்க வேண்டும். மாடங்களின் கதை வேறு. 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் கோட்டையின் பெரும்பகுதியை இடித்துப் படைவீடுகள் கட்டினார்கள். தோட்டமும் தப்பவில்லை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியல் துறை ஒரு பகுதியை மீட்டது. மாடங்கள் இன்றும் இருக்கின்றன, ஏனென்றால் பளிங்குக்கு உள்ளே மறைத்து வைத்த பாகம் எதுவுமில்லை.

எது மேல் என்று கேட்டால், காட்சிக்கு மாடம், காய்கறி நறுக்கச் சேனல். வீட்டில் இதைச் செய்யப் போகிறவருக்கு மாடம் ஒரு பாடமும் வைத்திருக்கிறது: திரை எங்கே தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள். கூரையை நோக்கி ஒளி எறியும் மறைவான காடியில் கூரையே திரை. அங்கே பால்மூடிக்குச் செலவு செய்வது வீண். கோடாகக் கண்ணில் படும் இடத்தில்தான் ஆழமான சேனலும் நெருக்கமான எல்இடியும் தேவை. 72 வாட்டுக்கு 72 வாட் டிரைவர் வாங்காதீர்கள். 90 அல்லது 100 வாங்குங்கள். கடையில் ஸ்ட்ரிப்பைத் தனியாக எரித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாமல், நீங்கள் வாங்கும் சேனலில் வைத்து, மூடியும் போட்டு எரிக்கச் சொல்லுங்கள். போகும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்: செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை, சாந்தினி சௌக் சந்தைகளுக்கு ஞாயிறு.